30 கண்ணியா, 31 கண்ணியா? முதல் ஸ்கார்ஃப் பின்னுபவரின் குழப்பம்

கேள்வி: ஊசிப் பின்னலின் அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டும் பழகி ஒரு மாதம் ஆகிறது. தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி, முண்டு முண்டாக இருக்கும் ஒரு ஸ்கார்ஃப் பின்ன ஆசை. முதலில் ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று போட்டேன், இரண்டு ஓரமும் குழாய் மாதிரி சுருண்டுகொண்டது. பிரித்துவிட்டு ஊசியில் 30 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி, எல்லா வரிசையிலும் ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். கொஞ்ச தூரம் நெட்டுக்கோடாக வந்தது, திடீரென்று புள்ளி புள்ளியாக மாறியது, அப்புறம் மறுபடி கோடு. எண்ணிப் பார்த்தால் 32 கண்ணி இருக்கிறது! எங்கே தப்பு? எந்த டிசைன், எந்த நூல் எடுக்கலாம்? பின்னியதைப் பிரித்துத்தான் ஆகவேண்டுமா?

பதில்: தப்பு என்று நீங்கள் நினைக்கிற அந்தத் துண்டில் உருப்படியான இரண்டு டிசைன்கள் இருக்கின்றன. கோடாக வந்ததற்கு ரிப் என்று பெயர், ஸ்வெட்டர் கையின் மணிக்கட்டுப் பட்டையில் பார்ப்போமே, அதுதான். புள்ளியாக வந்த பகுதிதான் நீங்கள் ஆசைப்பட்ட ஸ்கார்ஃப். விதை தூவிய மாதிரி இருப்பதால் அதை சீட் ஸ்டிட்ச் என்பார்கள். சில இடங்களில் இதையே மாஸ் ஸ்டிட்ச் என்று போட்டிருக்கும், வேறு சில இடங்களில் மாஸ் என்றால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாறுகிற இன்னொரு டிசைன், அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் செய்முறையைப் படித்துப் பாருங்கள்.

சரி, ஒரே மாதிரி பின்னியும் ஏன் இரண்டு விதமாக வந்தது? நிட் என்பதும் பர்ல் என்பதும் ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான். முன்னால் 'வி' எழுத்து மாதிரி தெரிகிற நிட், துணியைத் திருப்பினால் குட்டி முண்டாகத் தெரியும். பர்ல் அதற்கு நேர் எதிர். இப்போது உங்கள் 30 கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். நிட்டில் ஆரம்பித்தால் முப்பதாவது கண்ணி பர்லில் முடியும். துணியைத் திருப்பினீர்கள், அந்தக் கடைசிப் பர்ல் இப்போது உங்களைப் பார்த்து 'வி'யாக நிற்கிறது, அதன் மேல் நீங்கள் நிட் போடுகிறீர்கள். 'வி' மேல் 'வி', முண்டு மேல் முண்டு, அப்படியே மேலே மேலே அடுக்கிக்கொண்டு போனால் கோடு வராமல் வேறென்ன வரும்?

31 கண்ணி என்றால் கதை மாறுகிறது. வரிசை நிட்டில் ஆரம்பித்து நிட்டிலேயே முடிகிறது. திருப்பினால் அது முண்டு. அதன் மேல் நிட் விழுகிறது. முண்டுக்கு மேல் 'வி', 'வி'க்கு மேல் முண்டு என்று சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வருவதால் புள்ளி. ஆக உங்களுக்கு நடந்தது இதுதான்: 30இல் கோடு, வழியில் தெரியாமல் ஒரு கண்ணி கூடி 31 ஆனதும் புள்ளி, இன்னொன்று கூடி 32 ஆனதும் மறுபடி கோடு. கோடு எங்கே புள்ளியாகிறது என்று துணியில் பார்த்தாலே கண்ணி கூடிய வரிசை தெரிந்துவிடும். (பழகியவர்களே சில சமயம் இப்படித்தான் தங்கள் தப்பைத் தேடிப் பிடிக்கிறார்கள்.)

கண்ணி ஏன் கூடுகிறது என்பதற்கு வருவோம், ஏனென்றால் இதைச் சரிசெய்யாமல் எந்த டிசைன் எடுத்தாலும் ஸ்கார்ஃப் போகப் போக அகலமாகிக்கொண்டே போகும். நிட் போடும்போது நூல் துணிக்குப் பின்னால் இருக்கவேண்டும், பர்ல் போடும்போது முன்னால். ஒரு நிட், ஒரு பர்ல் என்று போனால் ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் இடம் மாறியாக வேண்டும், அப்படி மாறும்போது அது இரண்டு ஊசி முனைகளுக்கும் நடுவே புகுந்து போகவேண்டும். புதிதாகப் பின்னுபவர்கள் நூலை ஊசியின் மேலே சுற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். அந்தச் சுற்று அப்படியே ஊசியில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த வரிசையில் அதையும் ஒரு கண்ணி என்று நினைத்துப் பின்னிவிடுவோம், ஒன்று கூடிவிட்டது, கீழே ஒரு சின்ன ஓட்டையும் விழுந்துவிட்டது. உங்கள் துண்டில் ஓட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள். நடுவில் ஓட்டை தெரிந்தால் காரணம் இதுதான்.

ஓட்டையே இல்லையா? அப்படியானால் ஓரத்தில் பாருங்கள். துணியைத் திருப்பியதும் நூலை இழுத்து ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் தள்ளினால் முதல் கண்ணி மேலே தூக்கிக்கொண்டு அதன் இரண்டு கால்களும் தெரியும், பார்க்க இரண்டு கண்ணி மாதிரியே இருக்கும், நாமும் இரண்டாகப் பின்னிவிடுவோம். வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்குக் கீழே தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் கொண்டுபோனால் போதும்.

மேலே சுற்றிய நூலை அடுத்த வரிசையிலேயே கண்டுபிடித்துவிட்டால் பதறவேண்டாம், அதை ஊசியிலிருந்து கழற்றி விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். மிஞ்சுகிற தொளதொளப்பைப் பக்கத்துக் கண்ணிகள் இழுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே எதுவும் பின்னப்படவில்லை என்பதால் துணி பிரிந்துபோகாது.

ஒற்றைப்படை எண்ணில் இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு வரிசையும் நிட்டில் ஆரம்பித்து நிட்டில் முடியவேண்டும். கடைசிக் கண்ணி பர்லாக வந்து நின்றால் அந்த வரிசையில் ஏதோ இடறியிருக்கிறது, திருப்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம். எண்ணவே வேண்டியதில்லை. இரண்டு தப்பு சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிடுவதும் நடக்கும், அதனால் பத்து வரிசைக்கு ஒருமுறை மட்டும் எண்ணிவிடுங்கள். நான் முதன்முதலில் பின்னியபோது எண்ணுவதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, ஒரு முழங்கை நீளத்துக்கு மேல் பிரித்திருக்கிறேன்.

ஓரம் சுருண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்டால் எல்லா 'வி'யும் ஒரு பக்கம், எல்லா முண்டும் மறுபக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்காததால் பக்கவாட்டு ஓரங்கள் பின்னாலும், மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் மடங்கும். இதற்கு ஸ்டாக்கினெட் என்று பெயர். நனைத்துக் காயவைத்தாலும் தேய்த்தாலும் இந்தச் சுருளல் முழுசாகப் போகாது, அது அந்தப் பின்னலின் குணம். சீட் ஸ்டிட்சில் இரண்டு பக்கமும் நிட்டும் பர்லும் சரிபாதி, எனவே தட்டையாகக் கிடக்கும். ஸ்கார்ஃப் கழுத்தில் புரளும்போது இரண்டு பக்கமும் தெரியும் இல்லையா, இதில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது கூடுதல் லாபம்.

இனி நூல். இங்கேதான் நிறையப் பேர் ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். முண்டு முண்டான டிசைன் வேண்டுமென்றால் நூல் வழவழப்பாக, ஒரே நிறமாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். பல நிறம் கலந்த நூலில் நிறம்தான் கண்ணில் படும், நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட புள்ளி காணாமல் போகும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணியே தெரியாது. பஞ்சு பஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருக்கும் மொஹேர் மாதிரி நூலைப் பிரிக்கப் போனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நீங்களோ நிச்சயம் பிரிக்கப்போகிறீர்கள், அது இப்போதைக்கு வேண்டாம். பருமனில் நடுத்தரம், லேபிளில் வொர்ஸ்டட் அல்லது 10 ப்ளை என்று போட்டிருக்கும். கம்பளி நூலுக்கு இழுத்தால் திரும்பி வருகிற குணம் இருப்பதால் உங்கள் கை ஒரு இடத்தில் இறுக்கமாகவும் ஒரு இடத்தில் தளர்வாகவும் பின்னியிருந்தாலும் துவைத்தபின் கொஞ்சம் சமமாகிவிடும். கம்பளி தோலில் அரித்தால் அக்ரிலிக் எடுங்கள். பருத்தி நூல் மீள்வதே இல்லை, கனத்தால் ஸ்கார்ஃப் தொங்கித் தொங்கி நீளும், முதல் முயற்சிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஊசி 5 அல்லது 5.5 மி.மீ. மூங்கில் கிடைத்தால் நல்லது, உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கும். 100 கிராம் வொர்ஸ்டட் கண்டில் பொதுவாக 180 முதல் 200 மீட்டர் வரை இருக்கும், உங்களுக்கு இரண்டு கண்டு நிச்சயம் தேவை, மூன்றாவது இருந்தால் நிம்மதி. எல்லாவற்றையும் ஒரே தடவையில், லேபிளில் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒரே நிறப் பெயர் என்றாலும் சாயத்தொட்டி மாறினால் சாயல் மாறும்.

31 கண்ணி ஏற்றினால் சுமார் 18 முதல் 20 செ.மீ. அகலம் வரும். கண்ணி ஏற்றுவதற்கு நூலின் வாலை ஸ்கார்ஃப் அகலத்தைப் போல நான்கு மடங்கும் அதற்கு மேல் ஒரு சாணும் விட்டுக்கொள்ளுங்கள். கண்ணி ஏற்றும்போது இறுக்கிப் போடுகிற கை என்றால் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி. அப்புறம் எல்லா வரிசையும் ஒன்றேதான்: நிட், பர்ல், நிட், பர்ல், கடைசியில் நிட். மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கச் சொல்வார்கள், ஸ்வெட்டருக்கு அது அவசியம், ஸ்கார்ஃபுக்கு முதல் 10 செ.மீ. தான் மாதிரி. அதில் அகலம் பிடிக்கவில்லை, துணி அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது என்றால் அங்கேயே பிரித்து, கண்ணியையோ ஊசியையோ மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பத்து வரிசை போனபின் 'நிட், பர்ல்' என்று மனதுக்குள் சொல்வதை நிறுத்திவிட்டு ஊசியில் இருக்கிற கண்ணியைப் பார்க்க ஆரம்பியுங்கள். கண்ணியின் கழுத்தடியில், ஊசிக்குச் சற்றுக் கீழே, முண்டு இருந்தால் நிட் போடு, 'வி' இருந்தால் பர்ல் போடு. இவ்வளவுதான் சீட் ஸ்டிட்ச். யாராவது கூப்பிட்டு நடு வரிசையில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம், துணியே சொல்லும். (ரிப்புக்கு இதையே தலைகீழாகப் போடுங்கள், 'வி' மேல் நிட், முண்டு மேல் பர்ல்.) இப்படிப் பார்க்கப் பழக ஓரிரு நாள் ஆகும், கண்ணுக்கு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் எந்த டிசைனும் அவ்வளவு மிரட்டாது.

இது மெதுவான பின்னல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 160 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 400 வரிசை, அதாவது பன்னிரண்டாயிரம் கண்ணிக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் நூலை முன்னும் பின்னும் மாற்றவேண்டும். கை சலித்தால் இன்னொன்று இருக்கிறது: 39 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையிலும் இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று போய், கடைசி மூன்றில் இரண்டு நிட் ஒரு பர்ல். நான்கின் மடங்கோடு மூன்று என்பதுதான் கணக்கு, 35 அல்லது 43 கூட எடுக்கலாம். இதை மிஸ்டேக் ரிப் என்பார்கள், இரண்டுக்கு இரண்டு ரிப்பை ஒரு கண்ணி தள்ளித் தப்பாகப் போட்டது மாதிரி இருப்பதால். ஆழமான வரப்புகளும் நடுநடுவே சீட் ஸ்டிட்ச் மாதிரிப் புள்ளிகளுமாக, இரண்டு பக்கமும் ஒன்று போலவே வரும். பார்ப்பவர்கள் ஏதோ பெரிய டிசைன் என்றே நினைப்பார்கள். எனக்குக் கேட்டால் சீட் ஸ்டிட்சை விட இதுதான் அழகு, ஆனால் உங்கள் தற்போதைய கண்ணி கூடும் பிரச்சினையைப் பிடிக்க சீட்தான் வசதி, அதனால் அதை முதலில் போடுங்கள்.

நூல் தீர்ந்து புதுக் கண்டு சேர்ப்பதை வரிசையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் 15 செ.மீ. வால் விட்டு, கடைசியில் மொட்டை முனை ஊசியால் துணிக்குள் கோத்து மறைத்துவிடலாம். அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் மிஞ்சியிருக்கும்போதே பின்னலை முடிக்கத் தொடங்குங்கள். முடிக்கும் வரிசையிலும் நிட், பர்ல் மாறி மாறித்தான், தளர்வாக. கம்பளி என்றால் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, துண்டில் சுருட்டி அமுக்கிவிட்டு, தரையில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் போட்டால் நீண்டுவிடும். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகவே கூடாது, சூடு பட்டால் நூல் துவண்டு முண்டெல்லாம் படுத்துவிடும், திரும்ப எழாது.

பழைய துண்டைக் கேட்டீர்களே. இன்றைக்கே பிரிக்காதீர்கள். அதை மடியில் போட்டுக்கொண்டு கோடு எங்கே புள்ளியானது, புள்ளி எங்கே கோடானது என்று இரண்டு இடத்தையும் தேடிப் பிடியுங்கள், அங்கே ஓட்டை இருக்கிறதா, ஓரத்தில் இரட்டைக் கண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கை எந்தப் பழக்கத்தில் தப்புகிறது என்று தெரிந்தபின் பிரிக்கலாம். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அப்படியே பின்னினால் கண்ணிகள் ஏறுமாறாக வரும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கம்பளி என்றால் நனைத்துப் பிழிந்து தொங்கவிடுங்கள், காய்ந்ததும் நேராகிவிடும்.