இலங்கை மலையகத்தைச் சுற்றிப் பார்க்க ரயில் நல்லதா, பஸ் நல்லதா?

கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல நான்கையும் ரயிலிலேயே பார்த்துவிடலாமா, மலைப்பாதையில் பஸ்ஸை நம்பி ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து, வயதானவர்களோடும் பெட்டிகளோடும் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் ஹட்டன்காரன். நுவரெலியாவுக்குப் பக்கத்து ரயில் நிலையமான நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயிலில் போங்கள். மற்றதற்கெல்லாம் பஸ்தான்.

ரயிலின் அருமை தெரியாதவன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பட்டிப்பொல நிலையம் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி அப்புத்தளைக்கு இறங்கும் பாதைக்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ரயிலில் போனால் நாவலப்பிட்டி, ஹட்டன் என்று சுற்றி நானுஓயாவில் இறங்கி, இன்னும் எட்டு கிலோமீட்டர் வேறு வண்டி பிடிக்க வேண்டும். பஸ்ஸோ புசல்லாவ, றம்பொடை வழியாக ஏறி நேரே நகரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது.

என் பெரியம்மா கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் செய்த ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. பிறந்த மண்ணுக்கு வெளிநாட்டுக்காரராக விசா எடுத்து வந்தார். கொழும்பிலிருந்து ரயிலில் வரவே ஆசைப்பட்டார். முன்பதிவு ஆசனம் ஒன்றுகூட இல்லை. நிலையத்துக்கு வெளியே ஒருவர் அதே ரயிலின் டிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு நீட்டினார். வாங்க மறுத்துவிட்டு பஸ்ஸில் ஏற்றினேன். அவிசாவளை, கித்துல்கல தாண்டி கினிகத்தேனையில் குளிர் முகத்தில் பட்டதும் பெரியம்மா வாய் திறந்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் எந்தத் தேயிலைத் தோட்டம் என்று விசாரித்தார். அதன்பிறகு ஹட்டன் வரை இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்த லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கோயில் திருவிழா இன்னும் நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் நானுஓயாவில் ரயில் ஏறினோம். “தம்பி, ஹட்டன் ஸ்டேஷனில்தான் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். தலைமன்னார் வரைக்கும் ஒருவரும் சாப்பிடவில்லை” என்று இந்தியாவுக்குப் போன நாளைச் சொன்னார் பெரியம்மா. அப்புத்தளை வரை வேறு எதுவும் சொல்லவில்லை.

கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது கோப்பியை (காபியை) கீழே இறக்குவதற்காக. அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். இன்றும் வட்டகொடையிலோ கொட்டகலையிலோ கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணால் பெட்டிக்குள் ஏற முடிவதில்லை, சுற்றுலாப் பயணிகள் வாசலை மறித்துப் படம் எடுக்கிறார்கள். இதைச் சொன்னால் சுற்றுலாவுக்கு எதிரி என்பார்கள். நீங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். வாசலில் மட்டும் தொங்காதீர்கள். விழுந்து உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் வெளியே விற்பவரிடம் வாங்காமல் முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவைத் தாண்டித்தான் வருகிறது. ரயிலில் அதைக் கடக்க வேண்டுமானால் தெமோதர வரை டிக்கெட் எடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவது உண்டு, புறப்படும் முன் விசாரியுங்கள். பஸ்ஸில் வளைவுகள் அதிகம் என்பதால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், பெரியவர்களுக்கு முன்பக்க இருக்கை கேளுங்கள். எல்லவிலிருந்து தெற்குக் கடற்கரைக்கு இறங்குவதாக இருந்தால் அந்தப் பக்கம் தண்டவாளமே இல்லை. வெல்லவாய வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள்.