பி1 எடுப்பதா, பி2 எடுப்பதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்த மகன் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர ஆசைப்படுகிறான். அதில் எஞ்சின், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு) பக்கம் போனால் பி1, எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போனால் பி2 என்று லைசென்ஸ் பிரிவுகள் உண்டாம். “இனி விமானமெல்லாம் கரண்டில்தான் ஓடும், ஹைட்ராலிக் படித்தால் பிழைப்பு நடக்காது, பி2 எடுக்கட்டும்” என்கிறார் கோவையில் இருக்கும் மைத்துனர். கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். எது சரி?

பதில்: மைத்துனர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். விமானம் கரண்டில் பறப்பது வேறு. விமானத்துக்குள் நடக்கும் வேலைகளைக் கரண்ட் செய்வது வேறு. முதலாவதற்கு மகன் காத்திருக்க வேண்டாம். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் கிலோவாட் மணி தேறினாலே பெரிது. 2020-ல் ஐரோப்பியச் சான்று பெற்ற முதல் முழு மின்சார விமானமான பிப்பிஸ்ட்ரல் வெலிஸ் எலக்ட்ரோவில் இரண்டு பேர்தான் உட்காரலாம்.

இரண்டாவது ஏற்கெனவே வந்துவிட்டது. வழக்கமாக எஞ்சின் கம்ப்ரஸரிலிருந்து சூடான காற்றைப் பிரித்துக் கேபினுக்கும், இறக்கையில் பனி உறையாமல் இருக்கவும் குழாயில் அனுப்புவார்கள். 2011-ல் சேவைக்கு வந்த போயிங் 787-ல் இந்த இரண்டையும் மின்சாரம் பார்த்துக்கொள்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் ஜெனரேட்டர்தான். அந்த நேரத்துக்கு அது மோட்டாராக வேலை செய்கிறது. எஞ்சினுக்கு இரண்டு வீதம், ஒவ்வொன்றும் 250 கேவிஏ.

வைண்டிங் செய்பவர் என்பதால் இது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். உங்கள் கடைக்கு வரும் பம்ப்செட் மோட்டார் 50 ஹெர்ட்ஸ். விமானத்தில் 400. ஹெர்ட்ஸ் ஏறினால் அதே சக்திக்குச் சிறிய இரும்புக் கோர் போதும், எடை குறையும். ஆனால் எஞ்சின் வேகம் ஏறி இறங்கும்போதும் 400 மாறாமல் இருக்க, நடுவில் ஆயிலில் இயங்கும் ஒரு வேகச் சமன்கருவி தேவைப்பட்டது. 787 அதைக் கழற்றிவிட்டது. 360 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை எப்படி வந்தாலும் சரி, தேவையான இடத்தில் எலக்ட்ரானிக்ஸ் சரிக்கட்டிக்கொள்ளும். பிரேக்கும் மின்சாரம்தான். சூடேறிய சக்கரத்தின் மேல் ஹைட்ராலிக் ஆயில் கசியும் பயம் அங்கே இல்லை.

அப்படியானால் ஹைட்ராலிக் போய்விட்டதா? அதே 787-ல் சக்கரங்களை மடக்குவதும், இறக்கையின் அசையும் பலகைகளைப் பெரும்பாலும் இயக்குவதும் ஹைட்ராலிக்தான். அதுவும் வழக்கமான 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்துக்குப் பதில் 5000-ல். நம் ஊர் விமான நிலையங்களில் அதிகம் பார்க்கும் ஏர்பஸ் 320, ஏடிஆர் இரண்டும் பழைய முறைதான். இன்று வாங்கும் விமானம் இருபது வருடமாவது பறக்கும். மின்சாரத்துக்கும் அதற்கே உரிய தொல்லை உண்டு: பேட்டரி கருகியதால் 2013 ஜனவரியில் உலகெங்கும் 787-கள் தரையிறக்கி நிறுத்தப்பட்டன.

என் வாக்கு பி1-ல் டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கான பிரிவான பி1.1-க்கு. எஞ்சின், உடல், ஹைட்ராலிக் ஆகியவற்றோடு மின்சார அமைப்புகளும் அதில் அடக்கம். கரண்டுக்காகவே பி2-க்கு ஓட வேண்டியதில்லை. ரேடியோ, நேவிகேஷன், ஆட்டோபைலட் என்று எலக்ட்ரானிக்ஸில் பையனுக்கு மனம் போனால் மட்டும் பி2 எடுக்கட்டும். அதை அவனிடம் கேளுங்கள், மைத்துனரிடம் அல்ல.

ஃபீஸ் கட்டும் முன், நிறுவனத்துக்கு டிஜிசிஏ-வின் (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) சிஏஆர்-147 அங்கீகாரம், அதாவது பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான அங்கீகாரம், இருக்கிறதா, அதில் நீங்கள் எடுக்கும் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று டிஜிசிஏ இணையதளத்தில் பாருங்கள். படிப்பு முடிந்ததும் லைசென்ஸ் கைக்கு வராது. விமானத்தில் வேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். அந்தப் பயிற்சி எந்த ஹேங்கரில் (விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகை), எந்த விமானத்தில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.