ஊர் மனதைப் பறித்தது, பேத்தியின் கேள்வி தூக்கத்தைப் பறித்தது

கேள்வி: எனக்கு 63 வயது. பல்லடம் பக்கம் கிராமம். டாலஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் கணவரும் போயிருந்தோம். அட்லாண்டாவில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எல்லாருமாகக் காரில் போய்விட்டுத் திரும்பும்போது, வழியில் ஏதோ விபத்து, வண்டிகள் நகரவே இல்லை. மாப்பிள்ளை காரைத் தெற்கே திருப்பி, மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாட்செஸ் என்கிற சின்ன ஊரில் இரவு தங்க வைத்தார். பெட்ரோல் பங்க், பர்கர் கடை தவிர அங்கே என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த ஊர் என் மனதைப் பறித்துவிட்டது. வெள்ளைத் தூண் வைத்த வீடுகள், பாசி தொங்கும் பெரிய மரங்கள், மேட்டிலிருந்து பார்த்தால் கீழே அகலமாக ஓடும் ஆறு. காலையில் சாப்பாட்டுக் கடையில் ஒரு கறுப்பினப் பெண்மணி சேலை கட்டியிருந்த என்னிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார். நானூறு பேர் இருக்கும் எங்கள் ஊரில்கூட இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

காரில் ஏறியதும் ‘எவ்வளவு அழகான ஊர்’ என்றேன். 15 வயதுப் பேத்தி, ‘பாட்டி, இதெல்லாம் அடிமைகளை வைத்துச் சம்பாதித்த காசு. எப்படி உங்களால் ரசிக்க முடிகிறது?’ என்று கேட்டுவிட்டாள். ஊர் திரும்பியும் அது மனதை அரிக்கிறது. நான் ரசித்தது தப்பா? வரும் வசந்தத்தில் என் நாத்தனாரும் அவர் கணவரும் அதே வழியில் போகிறார்கள். அந்த ஊருக்குப் போகச் சொல்லலாமா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரசித்ததில் தப்பில்லை. பேத்தி சொன்னது முழுக்க உண்மை. நாத்தனாரைக் கட்டாயம் போகச் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நானும் அந்த ஊரில் தங்கியிருக்கிறேன். எனக்கும் மிகவும் பிடித்த ஊர் அது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அந்த ஊர் ஏன் அவ்வளவு அழகாக மிஞ்சியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். டாலஸிலிருந்து அட்லாண்டா போகும் ஐ-20 நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் இறங்கினாலும் அதே நாலு கடைகள்தான். உங்களுக்கு ‘என்ன இருக்கப்போகிறது’ என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. நாட்செஸ் பக்கம் அப்படி ஒரு பெருஞ்சாலை போகவில்லை. 1716இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றங்கரை மேட்டில் கோட்டை கட்டி உருவான ஊர் அது. பிறகு பருத்தியும் நீராவிப் படகும் பெரும் பணத்தைக் கொண்டுவந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூசியானாவில் தோட்டங்களை வைத்திருந்தவர்கள், இந்தப் பக்கம் மேட்டில் மாளிகைகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். அமெரிக்காவின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தபோது ஊர் பெரிதாகச் சண்டை போடாமல் வடக்கத்திப் படையிடம் சரணடைந்தது. வடக்கே இருக்கும் விக்ஸ்பர்க் 1863இல் 47 நாள் முற்றுகையில் சிதைந்துபோனது, நாட்செஸ் பெரிய சேதமில்லாமல் தப்பியது. அப்புறம் ரயில் வந்து படகுத் தொழில் படுத்தது, காய்ப்புழுவைப் போலப் பருத்திக் காயைத் துளைக்கும் ஒரு வண்டு வந்து விளைச்சலையும் அழித்தது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை. அதனால்தான் வீடுகள் நின்றன. 1932இல் உள்ளூர்த் தோட்டக்கலைச் சங்கப் பெண்கள், பணக்கஷ்டத்தில் இருந்த அந்த வீடுகளின் கதவுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றும் வசந்தத்தில் அது நடக்கிறது. ரொம்ப காலம் அந்தச் சுற்றுலாவில் அகலப் பாவாடையும் வெள்ளித் தட்டும்தான் பேச்சாக இருந்தன. வீட்டைக் கட்டியவர்கள், சமைத்தவர்கள், குழந்தைகளை வளர்த்தவர்கள் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

உங்கள் பேத்தி கோபப்படுவது அந்த மௌனத்தின் மீதுதான். அது நல்ல கோபம், அதை அடக்கச் சொல்லாதீர்கள்.

ஊர் நடுவிலிருந்து கிழக்கே ஒரு மைல் தூரத்தில் ‘ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடு’ என்றொரு சாலைச் சந்திப்பு இருக்கிறது. நீங்கள் அதைக் கடந்தே போயிருக்கலாம், கவனித்திருக்க மாட்டீர்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடி அந்தத் தென்பகுதியின் பெரிய அடிமைச் சந்தை நடந்த இடம் அது. வெர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்திலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்து, நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்தும் கப்பலில் ஏற்றியும் இங்கே கொண்டுவந்து விற்றார்கள். 1863இல் வடக்கின் யூனியன் படை ஊருக்குள் வந்த பிறகுதான் அது நின்றது. இன்று அங்கே மாளிகை இல்லை, மண்டபம் இல்லை. புல்தரை, தகவல் பலகைகள், சிமெண்டில் பதித்த சில விலங்குச் சங்கிலிகள், அவ்வளவுதான். அந்தச் சிறு இடத்தைக்கூட ஊரின் கறுப்பின மக்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டுத்தான் காப்பாற்றினார்கள். 2021இல் அது அமெரிக்க அரசின் தேசியப் பூங்கா சேவையின் கைக்கு வந்தது.

நாத்தனாரை அங்கேதான் முதலில் போகச் சொல்வேன். மாளிகைகளைப் பார்த்துவிட்டு அங்கே போனால் அது ஒரு கூடுதல் இடமாகிவிடும். அங்கே நின்றுவிட்டு மாளிகைக்குப் போனால் கண் வேறு விதமாக வேலை செய்யும். மெல்ரோஸ் என்கிற மாளிகையின் சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேலே செதுக்கு வேலை செய்த பெரிய மரப் பங்கா, அதாவது கயிற்றால் இழுக்கும் விசிறி, ஒன்று தொங்குகிறது. நம் ஊர்ப் பழைய கோர்ட்டுகளில் வெளியே உட்கார்ந்து ஆள் இழுப்பாரே, அதே பங்காதான். அங்கே கயிற்றை இழுத்தது ஓர் அடிமைக் குழந்தை. சும்மா போகிறவர்கள் மரவேலையைப் பார்த்து வியப்பார்கள். சந்தையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கயிற்றைப் பார்ப்பார்கள், கயிறு முடியும் மூலையைப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் அடிமைகள் வாழ்ந்த குடில்களும் நிற்கின்றன. அதையும் தவறவிடக் கூடாது.

இதில் நமக்குப் பழக்கமில்லாதது எதுவும் இல்லை, சகோதரி. பெரிய வீடு எங்கே இருந்தது, அந்த வீட்டு வயலில் இறங்கியவர்களின் தெரு எங்கே இருந்தது என்பது கிராமத்தில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

ஒருவேளை மாளிகை எதற்கும் போக நேரமில்லை என்றால், ஸ்டேட் தெருவில் இருக்கும் வில்லியம் ஜான்சன் வீட்டை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள். என்னை அந்த ஊரோடு கட்டிப்போட்டது அந்த வீடுதான். ஜான்சன் 1809இல் அடிமையாகப் பிறந்தவர். 11 வயதில் விடுதலை கிடைத்தது. முடிதிருத்தும் தொழில் கற்று, சொந்தக் கடை வைத்து, வெள்ளைக்காரப் பெருந்தனக்காரர்களுக்கே சவரம் செய்து, கடனும் கொடுத்து, ஊர் நடுவில் செங்கல் வீடு கட்டினார். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். கடை வரவு செலவு, குதிரைப் பந்தயம், தெருச் சண்டை, மீன்பிடித்த கதை, யார் யாருக்குக் கல்யாணம் என்று எல்லாம் அதில் இருக்கும். அன்றைய அமெரிக்கத் தெற்கில் ஒரு சுதந்திரக் கறுப்பினத்தவர் கண்ட ஊர் வாழ்க்கை இவ்வளவு விரிவாக வேறெங்கும் கிடைப்பது அபூர்வம். குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்தது. 1951இல் அச்சில் வந்தது.

அதே ஜான்சன் தானும் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். இதைப் பேத்தியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1851இல் நில எல்லைத் தகராறில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர்கள். சுட்டவரோ, தனக்குக் கறுப்பின ரத்தமே இல்லை என்று வாதிட்டார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. அவர் தண்டனை இல்லாமல் வெளியே வந்துவிட்டார். அந்தச் சின்ன வீட்டின் அறைகளில் நடக்கும்போது நல்லவர், கெட்டவர் என்று வரிசை பிரித்து நிறுத்த முடியாமல் தவிப்போம். 15 வயதுப் பெண்ணுக்கு அந்தத் தவிப்பு வேண்டும். 63 வயதிலும் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பல்லடம் என்று பார்த்ததும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி, அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களையே கப்பலேற்றி இங்கே வரவழைத்தது. கோயம்புத்தூர்ப் பகுதியில் அமெரிக்கப் பருத்தி விளையுமா என்று பார்ப்பதற்காக. தாவரவியலாளர் ராபர்ட் வைட் அந்தச் சோதனைக்குப் பொறுப்பாக இருந்தார். எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. பிறகு 1861இல் அமெரிக்காவில் போர் மூண்டு, தெற்கின் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போகாமல் நின்றதும், இந்தியப் பருத்தியின் விலை எகிறியது. அதே 1861இல் நாட்செஸில் லாங்வுட் என்கிற எண்கோண மாளிகையில் வேலை செய்துகொண்டிருந்த வடக்கத்தித் தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். திட்டமிட்டது 32 அறைகள், முடிந்தது கீழ்த்தளத்தில் 9 மட்டும். மேலே ஏறினால் பூசாத செங்கல்லும் வெறும் உத்திரமும் இன்றும் அப்படியே இருக்கின்றன. உரிமையாளர் 1864இல் இறந்துபோனார், வீடு முடியவே இல்லை. அங்கே வேலை நின்றதும் நம் கரிசல் காட்டுப் பருத்திக்கு விலை வந்ததும் ஒரே போரால்தான். பேத்தியோடு பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். அடிமைப் பருத்தியின் கதை அவள் பள்ளிப் பாடம் மட்டும் இல்லை, பாட்டி ஊர் மண்ணையும் தொட்ட கதை என்று தெரிந்தால் உட்கார்ந்து கேட்பாள்.

உங்கள் கையைப் பிடித்துப் பேசிய அந்தப் பெண்மணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சுமார் 14,500 பேர் வாழும் அந்த ஊரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். ஊரின் உபசாரம், சமையல், சர்ச்சுப் பாட்டு, வாசல் திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் கை அசைப்பது, இதெல்லாம் பெரும்பாலும் அவர்களும் அவர்கள் முன்னோரும் உண்டாக்கியவை. அந்த மாளிகைகளின் செங்கல்லைச் சுட்டதும் அடுக்கியதும் அவர்கள் கைகள். அழகு முழுவதையும் முதலாளிகளின் கணக்கில் எழுதிவிட்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தக் கைகளுக்கு இரண்டாவது முறையும் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் ரசித்ததில் பெரும்பகுதி அவர்களுடையது. பேத்தியிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

சரி, நாத்தனாருக்கு ஆகவேண்டியதைச் சொல்கிறேன். விக்ஸ்பர்க்கில் ஐ-20ஐ விட்டு இறங்கி, 61ஆம் எண் சாலையில் தெற்கே சுமார் 70 மைல் வந்தால் நாட்செஸ். நேரம் இருந்தால் ஜாக்சன் அருகிலிருந்து நாட்செஸ் ட்ரேஸ் சாலையைப் பிடிக்கலாம், என் ஓட்டு அதற்குத்தான். நாட்செஸிலிருந்து நாஷ்வில் பக்கம் வரை 444 மைல் போகும் மரநிழல் சாலை அது. லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, வேகம் 50 மைலைத் தாண்டக் கூடாது. சாலையில் பெட்ரோல் பங்கும் இல்லை, அதனால் ஏறுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். நாட்செஸுக்குப் பத்து மைல் முன்னால் எமரால்ட் மேடு வரும். 8 ஏக்கர் பரப்பில், கூடை கூடையாக மண் சுமந்து பூர்வகுடிகள் எழுப்பிய சடங்கு மேடு. ஏறிப் பார்க்கலாம். ஊருக்குப் பெயர் கொடுத்த நாட்செஸ் பூர்வகுடி மக்கள் 1729இல் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து எழுந்தார்கள். அந்தச் சண்டையின் முடிவில் பிடிபட்டவர்கள் கரீபியத் தீவுக்கு அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்த ஊரில் அடிமைக் கதை பருத்திக்கும் முந்தியது.

வசந்தம் என்றால் மார்ச், ஏப்ரல் நல்ல காலம், அசேலியா பூத்துக் குலுங்கும். அப்போதுதான் மாளிகைச் சுற்றுலாவும் நடக்கும் என்பதால் அறையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கோடையில் போக வேண்டாம், புழுக்கம் தாங்காது. நாத்தனார் சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்தப் பக்கம் கீரையையும் பீன்ஸையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் பெரும்பாலும் வேகவைப்பார்கள். பிஸ்கட் என்று தட்டில் வரும் மெத்தென்ற ரொட்டியில் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, மேலே ஊற்றும் வெள்ளைக் குழம்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். கூச்சப்படாமல் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்வார்கள். வெண்ணெய் போட்ட கிரிட்ஸ் கேட்டு வாங்கலாம், நம் சோளக்கஞ்சி கெட்டியாக இருப்பது போல இருக்கும். வெண்டைக்காய் வறுவலும் பச்சைத் தக்காளி வறுவலும் கிடைக்கும்.

ஒரு இரவு மட்டும் தங்கினால் அவசரமாகிவிடும், இரண்டு இரவு தங்கச் சொல்லுங்கள். அந்த முறை டாலஸில் பேத்திக்கு விடுமுறை இருந்தால் அவளையும் கூட அனுப்பும்படி மகளிடம் கேளுங்கள். சாலைச் சந்திப்பில் இருக்கும் பலகைகளைப் பெரியவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லும் வேலையை அவளுக்கே கொடுத்துவிடலாம்.