5ஜி வீட்டு இணையத்தில் வேகம் 200 எம்பிபிஎஸ் வருகிறது. ஆனாலும் ஸ்டீம் டெக்கில் (கையடக்க கேம் கருவி) ஆன்லைன் கேம் ஏன் திக்குகிறது?

வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் ஆட்டத்தின்போது 1 எம்பிபிஎஸ் கூட இழுப்பதில்லை. பிங், அதாவது தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், நிலையாக 60 மில்லிசெகண்ட் இருந்தால் தாராளமாக ஆடலாம். 30-க்கும் 200-க்கும் இடையே தாவினால்தான் ஆட்டம் கெடும்.

கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விளையாடும் இடத்திலேயே லேப்டாப்பை வைத்து, வைஃபை வழியாக ரவுட்டருக்கு (பல ரவுட்டர்களில் முகவரி 192.168.1.1) பிங் கொடுங்கள். 2 முதல் 5 மில்லிசெகண்ட் வந்தால் நல்லது. அதுவே 50, 100 என்று எகிறினால் தப்பு வைஃபையில்தான்: வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள், அல்லது யூஎஸ்பி-சி டாக் வாங்கி லேன் கேபிள் செருகுங்கள்.

வீட்டில் யாராவது வீடியோ அப்லோட் செய்யும்போது மட்டும் பிங் எகிறுகிறதா? அப்போது உங்கள் கேமின் தகவல் பாக்கெட்டுகள் அந்த வீடியோ தகவல்களின் வரிசைக்குப் பின்னால் காத்துக் கிடக்கின்றன. ரவுட்டரில் எஸ்கியூஎம் (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் இயக்குங்கள். 5ஜி வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால், நெரிசலான மாலை வேளையில் வேகத்தை அளந்து, அதில் 80 சதவீதத்தை எஸ்கியூஎம்மில் வரம்பாக வையுங்கள். காலையில் அளந்த எண்ணை வைத்தால் மாலையில் பயன் இருக்காது.

நண்பர் கேமில் உருவாக்கிய அறைக்குள் நுழைய முடியாதது வேறு சிக்கல். 5ஜி இணைப்புகளில் பெரும்பாலும் பலர் ஒரே பொது ஐபியை (இணைய முகவரியை) பகிர்வதால், வெளியிலிருந்து வரும் இணைப்பை உங்கள் கருவிக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. தனிப் பொது ஐபி தர முடியுமா என்று இணைய நிறுவனத்திடமே கேளுங்கள்.