வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 12ஏயூ7 வால்வை முன்நிலையிலும் 6080 வால்வை வெளியீட்டிலும் வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். வால்யூமை முழுவதும் குறைத்தாலும் தாழ்ந்த உறுமல் கேட்கிறது. பவர் சப்ளை கெப்பாசிட்டர்களை இரு மடங்காக்கியும் அது குறையவில்லை.

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். ஏறத்தாழ 250 வோல்ட் உள்ள இந்தப் பெட்டியில், மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து, அது வடிந்துவிட்டதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

வால்யூமைக் குறைத்தும் உறுமல் நிற்கவில்லையென்றால், அது வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால்தான் நுழைகிறது. அடுத்து, அதன் சுருதியைக் கண்டறிய வேண்டும். கைபேசியில் ஒலியெழுப்பும் செயலி ஒன்றைக் கொண்டு 50, 100 ஹெர்ட்ஸ் ஒலிகளை வேறொரு ஹெட்ஃபோனில் கேட்டு ஒப்பிடுங்கள். முதலாவதை ஆதார ஸட்ஜமாகக் கொண்டால் இரண்டாவது அதன் மேல் ஸட்ஜம், ஆகவே காது எளிதில் பிரித்துவிடும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் முழு அலை திருத்தியின் மிச்சம் 100 ஹெர்ட்ஸில் கேட்கும். வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்தும் வருவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரைக் கூட்டியும் பயனில்லை என்பதால் என் சந்தேகம் ஹீட்டர் மீதே விழுகிறது. 12ஏயூ7 வால்வின் ஹீட்டர் கம்பிகளைத் தற்காலிகமாகக் கழற்றி, 4, 5 ஆகிய பின்களை இணைத்த கம்பியையும் நீக்கிவிட்டு, யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை அந்த இரு பின்களுக்கும் கொடுங்கள். பேட்டரியின் ஒரு முனை ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கட்டும். உறுமல் மறைந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

அதன் பிறகு ஹீட்டர் கம்பிகளை நெருக்கமாக முறுக்கி, சேஸியின் (உலோகச் சட்டத்தின்) மூலையோரமாகக் கொண்டு செல்லுங்கள். ஹீட்டர் சுற்றின் நடுமுனையை, அது இல்லாவிட்டால் இரு 100 ஓம் ரெசிஸ்டர்களின் சந்திப்பை, கிரவுண்டில் வைக்காமல் ஏறத்தாழ 40 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். 250 வோல்ட்டிலிருந்து 220 கிலோ ஓம், 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் அதைப் பிரித்தெடுத்து, கீழ் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் போதும். ஹீட்டர், எலக்ட்ரான்களை வெளியிடும் முனையான கேத்தோடைவிட உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும்போது, ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு எலக்ட்ரான்கள் கசிவது தடைபடுகிறது. பேட்டரி வைத்தும் உறுமல் போகாவிட்டால், டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகளைக் கழற்றி, அதை மெல்லத் திருப்பி உறுமல் மாறுகிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: கைபேசியில் கேட்டால் அமைதியாக இருக்கிறது, கணினியை இணைத்தால் மட்டும் ஹம் சத்தம் வருகிறது. எர்த் பின்னைக் கழற்றிவிடலாமா?

பதில்: ஒருபோதும் கழற்றாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு பழுதானால் உங்கள் உயிரைக் காப்பது அந்த ஒரு கம்பிதான். கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இரு வழிகளில் எர்த் தொடர்பு ஏற்பட்டு, அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டமே உங்களுக்குச் சத்தமாகக் கேட்கிறது. இடையில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைப்பது பாதுகாப்பான தீர்வு. உங்கள் இன்புட் சாக்கெட்டுகள் சேஸியைத் தொடாமல் காப்பிடப்பட்டுள்ளனவா என்றும், சிக்னல் கிரவுண்ட் முழுவதும் ஒரே புள்ளியில்தான் சேஸியோடு சேர்கிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த பெட்டிகள் பலவற்றில் தவறு இங்கேதான் இருந்தது.

கேள்வி: இடது காதில் மட்டும் அவ்வப்போது கரகரப்பு வருகிறது. புதிய வால்வு வாங்கவா?

பதில்: வாங்குவதற்கு முன், இரு பக்க வால்வுகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். கரகரப்பும் வலப்பக்கம் போனால் வால்வு பழுது. இடத்திலேயே நின்றால் வால்வின் மீது பழியில்லை. அப்போது உலர்ந்த மரக்குச்சியால் ஒவ்வோர் இணைப்பையும் மெல்லத் தட்டுங்கள். சரியாக உருகாத ஈயப்பற்று அல்லது பிடி தளர்ந்த சாக்கெட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தட்டியும் மாற்றமில்லையென்றால் வால்வின் பிளேட் முனைக்கு மின்சாரம் கொண்டுவரும் ரெசிஸ்டரை, குறிப்பாக அது பழைய கார்பன் காம்போசிஷன் வகையாக இருந்தால், மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வால்யூம் குமிழ் நடுவில் இருக்கும்போது ‘ஷ்’ என்ற ஓசை கூடி, இரு முனைகளிலும் குறைகிறதே?

பதில்: நீங்கள் 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எந்த ரெசிஸ்டரும் வெப்பத்தால் தானாகவே இரைச்சல் எழுப்பும். குமிழ் நடுவில் நிற்கும்போது வால்வில் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டுக்குத் தெரியும் மின்தடை அதிகபட்சமாக 125 கிலோ ஓம் வரை போகிறது. 50 கிலோ ஓம் கன்ட்ரோல் போட்டால் மின்தடை பத்தில் ஒன்றாகும், அதிலிருந்து வரும் இரைச்சல் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகும்.

கேள்வி: கைபேசிக்கு அழைப்பு வரும்போது ‘டிட்டிட்’ என்று இரைகிறது.

பதில்: ரேடியோ அலை கிரிட்டில் பிடிபடுகிறது. ஒவ்வொரு கிரிட்டிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். அதன் கால் வால்வு சாக்கெட்டின் பின்னை ஒட்டியே இருக்க வேண்டும். 2 அங்குலம் தள்ளி வைத்தால் அந்தக் கம்பியே ஆன்டெனாவாகிவிடும்.