ஒரு உயில் போதுமா?

தம்பி, லண்டன் வந்து எட்டு மாதம், பெரம்பூரில் ஒரு ஃபிளாட், அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு உயிலில் ஏதாவது எழுதி வைக்க ஆசை, இங்கே எழுதும் ஒரே உயில் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு எழுதுங்கள். இந்த ஊர்ச் சொத்துக்கு இங்கே ஒன்று, சென்னைச் சொத்துக்குச் சென்னையில் ஒன்று.

நான் இதில் பட்டவன். திருவல்லிக்கேணி வீட்டுக்கு முதலில் ஊரிலேயே எழுதினேன். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சி. பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தும் வைத்தேன். அப்புறம் இங்கே வீடு வாங்கியதும் ஒரு சொலிசிட்டர் (இந்த ஊர் வக்கீல்) அச்சடித்துக் கொடுத்த உயிலில் கையெழுத்துப் போட்டேன். போன மார்கழியில் மயிலாப்பூரில் அண்ணன் மகள் அதைப் படித்துவிட்டு, "சித்தப்பா, திருவல்லிக்கேணி உயிலை நீங்களே ரத்து பண்ணிட்டீங்களே" என்றாள். வக்கீலுக்குப் படிக்கிறவள். முதல் வரியிலேயே இருந்தது: இதற்குமுன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன் என்று. நாலு வருஷமாக எனக்குத் தெரியாது. அந்த ஊர் உயில் அந்த ஊர்ச் சொத்தை மட்டும் கட்டுப்படுத்தும் என்று இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

வரி விஷயம். ஒருவர் இறந்தால் விட்டுப்போகும் சொத்துக்கு இங்கே வரி உண்டு, 3,25,000 பவுண்டுக்கு மேல் பொதுவாக 40 சதவீதம். தர்மத்துக்குப் போவதற்கு வரியில்லை. நிகரச் சொத்தில் 10 சதவீதமாவது தர்மத்துக்கு எழுதினால் மீதிக்கும் 36 சதவீதம்தான். ஆனால் இந்தச் சலுகை பிரிட்டனின் அறக்கட்டளைகளுக்குத்தான். அடையாறுக்கு நேராக எழுதினால் கிடைக்காது. அடையாறைச் சென்னை உயிலில் வைக்கச் சொல்வது அதனால்தான். 2025 ஏப்ரலிலிருந்து, கடந்த 20 வருஷத்தில் 10 வருஷம் இங்கே இருந்தவருக்குத்தான் வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும், உங்களுக்கு அவசரமில்லை. இந்தியாவில் அந்த வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

பெயர் முக்கியம். நாம் 'அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி' என்போம், பத்திரத்தில் அது 'கேன்சர் இன்ஸ்டிடியூட் (டபிள்யூ.ஐ.ஏ.)'. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியபோது பின்னால் நின்ற இந்திய மாதர் சங்கத்தின் எழுத்துகள் அவை. 'ஏதாவது ஓர் அனாதை இல்லத்துக்கு' என்று எழுதினால் உங்கள் பிள்ளைகள் சண்டைக்கு நீங்களே பந்தல் போட்ட மாதிரி. பச்சையப்ப முதலியார் 1794-ல் தர்மத்துக்கென உயில் எழுதிவிட்டுப் போனார். பணம் வழக்கில் சிக்கி, அவர் பேரில் பள்ளிக்கூடம் திறக்க 1842 ஆயிற்று. அதனால் எக்ஸிக்யூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றி வைப்பவராக, சென்னையிலேயே இருக்கிற, உங்களைவிட இளையவர் ஒருவரைப் போடுங்கள்.

பாஸ்போர்ட்டும் ஒரு சூட்சுமம். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை உங்கள் நன்கொடை வெளிநாட்டுப் பணம் ஆகாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், நீங்கள் வெளிநாட்டவர். வாங்குகிற நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் முதலில் போகும். சின்ன இல்லங்கள் பலவற்றில் அந்த அனுமதி இருக்காது. குடியுரிமை மாறும்போது உயிலையும் எடுத்துப் பாருங்கள்.

இங்கே மார்ச், அக்டோபரில் இலவசமாக உயில் எழுதித் தருவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது 55 தாண்டியவர்களுக்கு. நான் போகலாம், நீங்கள் காசு கொடுக்க வேண்டியதுதான்.

ஃபிளாட் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது? மாமனார் வீட்டு பீரோவில் என்றால், முதலில் ஒரு நகலாவது எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.