ஓய்வுபெற்ற அதிகாரிகள், அரசியல்வாதிகளிடம் பேசினால் தமிழ்நாட்டு அரசின் உள்விவகாரம் உண்மையிலேயே தெரியவருமா?

தெரியவரும். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் பட்டியலை (முன்னாள் அமைச்சர், ஓய்வுபெற்ற ஐஏஎஸ், கட்சியின் மாவட்டச் செயலாளர்) வைத்துக்கொண்டு போனால் தெரியவராது. போட்காஸ்ட் ஆரம்பிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மைக் வாங்கியாகிவிட்டது, இனி ஆள் பிடிக்க வேண்டும், சரிதானே? முதலில் ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர் ஒருவரைத் தேடுங்கள். கோட்டையில் செக்ஷன் ஆபீசர் என்பார்கள்.

ஒரு வாரப் பத்திரிகைக்காகச் சில வருஷம் தலைமைச் செயலகத்தைச் சுற்றியவன் என்பதால் சொல்கிறேன். ஒரு கோப்பு வந்தால் உதவிப் பிரிவு அலுவலர் அதில் குறிப்பு எழுதுவார், பிரிவு அலுவலர் அதைத் திருத்துவார், அப்புறம் சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஏறிச் செயலாளரிடமும் அமைச்சரிடமும் போகும். மேலே போகப் போக எழுத்து குறைந்து கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும். கையெழுத்துப் போட்டவர்தான் பேட்டி கொடுக்கிறார். எழுதியவரை யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அரசு மாணவியர் விடுதிக் கட்டடம். சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் அறிவித்தார்கள். (இந்த விதியில் அறிக்கை படித்தால் அதன் மேல் விவாதம் கிடையாது. 2011க்குப் பிறகு ஜெயலலிதா இதை நிறையப் பயன்படுத்தினார், பின்னால் வந்தவர்களும் விட்டுவிடவில்லை. உடனே 'நீ எந்தக் கட்சி' என்று ஆரம்பிக்காதீர்கள்.) கைதட்டல், பத்திரிகைச் செய்தி, நன்றி அறிவிப்பு போஸ்டர் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு பட்ஜெட்டுகள் வந்துபோயின, ஊரில் ஒரு லோடு செங்கல்கூட இறங்கவில்லை.

முன்னாள் அமைச்சர் ஒருவரைக் கேட்டேன். மத்திய அரசு தமிழ்நாட்டை எப்படி வஞ்சிக்கிறது என்று நன்றாகவே பேசினார். ஓய்வுபெற்ற செயலாளர் ஒருவரைக் கேட்டேன். நல்லாட்சி பற்றியும் அரசியல்வாதிகளுக்குத் துணிவு இல்லாதது பற்றியும் பேசினார், நடுவில் சிங்கப்பூர் வந்தது. இரண்டையும் தட்டச்சு செய்து பார்த்தால், விடுதி என்ற வார்த்தை என் கேள்வியில் மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம்தான் முகப்பேரில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற பிரிவு அலுவலரிடம் போனேன். அந்தத் துறையில் வேலை பார்த்தவர்கூட இல்லை. ஏன் கட்டவில்லை என்று ஆரம்பித்தேன். "தம்பி, ஏன்னு எல்லாம் என்கிட்ட கேட்காதீங்க. ஆணை கையில இருக்கா?" என்றார். அரசாணையின் நகலைக் கொடுத்தேன். நாமாக இருந்தால் 'ஆணை' என்று தலைப்புப் போட்ட இடத்துக்கு ஓடுவோம். அவர் அதைத் தொடவே இல்லை. மேலே 'படிக்கப்பட்டது' என்று ஒரு பட்டியல் இருக்கும், எந்தெந்தக் கடிதங்களைப் பார்த்து இந்த ஆணை போடப்பட்டது என்பதற்கு. அதன் தேதிகளை விரல் வைத்துப் படித்தார்.

"முதல் கடிதம் இயக்குநர் எழுதினது. தேதி பாருங்க, அறிவிப்புக்கு முந்தின வருஷம். அப்போ இந்தக் கருத்துரு ஏற்கெனவே ஒருதடவை போயிருக்கு. நிதித்துறை திருப்பியிருப்பாங்க. மானியக் கோரிக்கை நேரத்துல, அதான் துறைக்கான நிதியைச் சட்டமன்றத்துல கேட்கிற சமயத்துல, புது அறிவிப்பு என்ன இருக்குன்னு மேலேருந்து கேட்பாங்க இல்லையா, அப்போ இதையே தூசி தட்டிக் கொடுத்திருக்காங்க."

அறிவிப்புக்குப் பிறகும் இயக்குநரிடமிருந்து இரண்டு கடிதங்கள் இருந்தன. "ஒரு கடிதம்னா கருத்துரு. ரெண்டாவது வந்தா, நிதித்துறை ஏதோ விளக்கம் கேட்டிருக்காங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் நிலம்தான்." பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனார். நிதித்துறையின் இசைவு எண்ணுக்கு மேலே உள்ள பத்தியில், வில்லங்கம் இல்லாத நிலம் உறுதிசெய்யப்படுவதற்கு உட்பட்டு என்று ஒரு வரி கிடந்தது. நானும் அந்த ஆணையைப் படித்திருந்தேன். நாலு கோடி என்ற தொகையைப் படித்தவன் அந்த வரியையும் சேர்த்து விழுங்கியிருக்கிறேன்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால், ஒதுக்கிய இடம் பதிவேட்டில் குட்டைப் புறம்போக்கு. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்பினால் உயர் நீதிமன்றம் சும்மா விடாது என்று எல்லா வருவாய் அதிகாரிக்கும் தெரியும். மாற்று இடம் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். டெல்லியும் காரணமில்லை, துணிவின்மையும் காரணமில்லை. அறிவித்தவர்களுக்கே இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதைக் கட்டுரையாகக் கொடுத்தேன். தலைப்பில் 'மர்மம்' என்று சேர்த்து, படிக்கப்பட்டது பட்டியல் பற்றிய பத்தியை வெட்டிவிட்டார்கள். அது கிடக்கட்டும். முகப்பேர் போய்வந்த ஆட்டோ காசுக்கு வவுச்சர் வைத்தால், 'பஸ் இருக்கிறதே' என்று சிவப்பு மையில் அடித்துத் திருப்பினார் கணக்குப் பிரிவுக்காரர். அந்த முன்னாள் அமைச்சரைப் பார்க்கப் போனபோது மட்டும் ஆபீஸ் காரே வந்தது. வேலையை விட்டபோது நிலுவையில் இருந்த பயணப்படி இன்றுவரை வரவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது சொல்ல வேண்டும் இல்லையா.

ஐஏஎஸ் அதிகாரிகள் மேல் எனக்குக் காழ்ப்பு என்று யாராவது வருவீர்கள். இல்லை. மேலே இருந்தவர்களே உட்கார்ந்து வடிவமைத்த விஷயங்களும் உண்டு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நல்ல உதாரணம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை ஒரே இடத்தில் கொள்முதல் செய்வது, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் என்பதெல்லாம் எப்படி உருவாயின என்று அறிய அந்த நிலை அதிகாரிகளிடம்தான் போக வேண்டும். எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆள் மாறும், அவ்வளவுதான்.

பிரிவு அலுவலர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் சொல்லவில்லை. கோப்பு கையில் இருந்தால் அவர்கள் அசாத்தியமானவர்கள், நினைவை நம்பிப் பேசினால் நம்மைப் போலத்தான். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். அதில் வேலைபோய்த் திரும்பி வந்த ஒருவர் அது நடந்தது 2002 பொங்கலை ஒட்டி என்று என்னிடம் சத்தியம் செய்தார். ஆனால் திரும்பச் சேர எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதம் என்றதும் குரலே மாறிவிட்டது, வாசகத்தை மனப்பாடமாகச் சொன்னார். அவமானம் மறக்காது, தேதி மறந்துவிடும். அதனால் ஆண்டையும் மாதத்தையும் நீங்களே பழைய நாளிதழில் சரிபாருங்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் அதிமுக கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்ற பிறகு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை அரசு திரும்பப் பெற்றதே, அந்த முடிவு உள்ளே எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டேன். "அது எங்க மட்டத்துக்கு வராது சார்" என்றார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் 'உள்வட்டாரம் சொல்கிறது' என்று தினமும் சொல்கிறவர்களிடம் இந்த வாக்கியத்தை ஒருதடவைகூட நான் கேட்டதில்லை.

போவதற்கு முன் வீட்டுப்பாடமும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, குறிப்புக் கோப்பின் (மேலே சொன்ன குறிப்புகள் இருக்கும் கோப்பு) நகலைக் கேளுங்கள். அமைச்சரவை ஆவணம் என்றால் முடிவெடுத்து விஷயம் முடியும்வரை தர மறுக்கலாம். மற்றவற்றுக்குப் போராடினால் கிடைக்கும். அந்தத் தாள்களோடு போய் உட்கார்ந்தால், வாயே திறக்காதவரும் "இது யார் எழுதினது, இப்படியா எழுதுவாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

இன்னொன்று, பணியில் இருப்பவர்களை மைக் முன்னால் உட்கார வைக்காதீர்கள். 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அவர்கள் தலைக்கு மேல் இருக்கின்றன. ஓய்வுபெறும் மாதத்தில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் ஓய்வூதியப் பலன்கள் தொங்கிவிடும். 'பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி' என்று போட்டுவிட்டுத் துறையையும் பிரிவையும் சொல்லிவிடுகிறார்கள் சிலர். அந்த நாற்காலியில் ஒருவர்தான் இருப்பார், அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.